உங்க ஆளா, எங்க ஆளா?



மெஸ்ஸி பெரிய ஆட்டக்காரரா, ரொனால்டோ பெரிய ஆட்டக்காரரா? இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், உங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். எங்கள் குடியாத்தத்தில் மாலையில் பிள்ளைகள் பந்து உதைக்கும் இடத்தில் பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் இந்த வழக்குதான்.

வழக்காடுங்கள், தப்பே இல்லை. அதில் ஒரு சுகம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் பீலேவா, மரடோனாவா என்று டீக்கடையில் தொண்டை வறளப் பேசியவன்தான். அந்த வழக்கைப் பெரியவர்களாலேயே தீர்க்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில் நூற்றாண்டின் சிறந்த வீரர் யார் என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா கேட்டது. இணைய வாக்கெடுப்பில் மரடோனா வந்தார். நிபுணர்கள் பீலே என்றார்கள். கடைசியில் இருவருக்கும் பட்டம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்!

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். தன் ஆள் செய்த தவறை "இல்லவே இல்லை" என்று சாதிப்பதும், அடுத்தவன் ஆள் செய்த சாதனையை "இதெல்லாம் ஒரு கோலா?" என்று தள்ளுவதும். இரண்டும் பொய் தானே?

மரடோனாவையே எடுத்துக்கொள்வோம். 1986 ஜூன் 22. மெக்சிகோ நகரம், அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. 51-ஆவது நிமிடம். உயரே வந்த பந்தைப் பிடிக்க இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டன் எம்பினார். குள்ளமான மரடோனாவும் எம்பினார். தலைக்குப் பக்கத்தில் இடது கையை உயர்த்தி, பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை, கோல் என்று அறிவித்துவிட்டார்.

நான்கே நிமிடம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? அதே மரடோனா தன் பக்கத்துத் திடலில் பந்தை வாங்கினார். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். ஏறத்தாழ 60 மீட்டர் தூரம் பந்து காலைவிட்டு விலகவே இல்லை. கடைசியில் ஷில்டனையும் ஏமாற்றிவிட்டு கோல்! 2002-இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த கோலாக அதுதான் தேர்வானது. (இன்னொரு செய்தி: முழுக்கச் செயற்கைப் பொருளால் செய்த பந்து உலகக் கோப்பைக்கு முதலில் வந்தது அந்த ஆண்டுதான். தோல் தொழில் ஊர்க்காரர்களான நமக்கு இது கொஞ்சம் வருத்தமான செய்திதான்!)

முதல் கோல் ஏமாற்று. இரண்டாவது கோல் அற்புதம். அடித்தது ஒரே ஆள். மரடோனா ரசிகன் முதல் கோலை மறைக்கக் கூடாது. மரடோனாவைப் பிடிக்காதவன் இரண்டாவது கோலை மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவன்தான் அந்த ஆட்டத்தை உண்மையாகப் பார்த்தவன். 1994 உலகக் கோப்பையில் தடை செய்யப்பட்ட மருந்து உட்கொண்டதாகப் பரிசோதனையில் தெரிந்து, மரடோனா பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, உங்கள் ஆட்களுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் எவர்ட்டன் அணியிடம் தோற்று வெளியே போகும்போது, உங்கள் வயதுப் பையன் ஒருவன், 14 வயது, கையில் வைத்திருந்த செல்போனை ரொனால்டோ தட்டிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் அபராதமும் விதித்தது. மெஸ்ஸி கட்சிக்காரர்களே, உடனே சிரிக்காதீர்கள். வரி ஏய்ப்பு வழக்கில் ஸ்பெயின் நீதிமன்றம் 2016-இல் மெஸ்ஸிக்குத் தண்டனை விதித்தது. 2019-இல் அதே போன்ற வழக்கில் ரொனால்டோவும் தண்டனை பெற்றார். இதில் இரண்டு கட்சிக்கும் வெற்றி தோல்வி இல்லை!

க்ளோஸே என்ற ஜெர்மானியரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்தவர். 2012 செப்டம்பரில் இத்தாலியில் நேப்போலி அணிக்கு எதிராக, பந்து அவர் கையில் பட்டு கோலானது. நடுவர் கோல் கொடுத்தும்விட்டார். க்ளோஸே நடுவரிடம் போய், "கையில் பட்டது" என்று சொன்னார். கோல் ரத்தானது. அவருடைய அணி 3-0 என்று தோற்றது. இந்தப் பெயரைச் சொல்லி வழக்காடும் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

"விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவா, சார்?" என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த இரண்டு பேர், எட்டாம் வகுப்பு, ஒரே சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள், ரொனால்டோவைப் பற்றிய ஒரு வார்த்தைக்காக மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. ரொனால்டோவுக்கு இது தெரியுமா? இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16. கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. திடலில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் மோதல். அது பார்வையாளர்களுக்குப் பரவியது. ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை.

கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர்க்காரர்கள் வேறு மாதிரி. 2022 உலகக் கோப்பைக்கு முன் ஊர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் எழுந்தது. நெய்மார் கட்சி அதைவிட உயரமாக ஒன்று வைத்தது. ரொனால்டோ கட்சி சும்மா இருக்குமா? இன்னும் உயரமாக வைத்தது! மூன்றும் ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

எதிர்க்கட்சி ஆளைப் புகழ்ந்தால் நம் கட்சி தோற்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? நம் குடியாத்தத்தையே கேளுங்கள். 1954-இல் முதலமைச்சரான காமராஜர், சட்டமன்ற உறுப்பினராவதற்கு இங்கேதான் இடைத்தேர்தலில் நின்றார். காங்கிரசை எதிர்த்துவந்த அண்ணாவின் தி.மு.க. அந்தத் தேர்தலில் காமராஜரை ஆதரித்தது. அதனால் அண்ணாவின் கட்சி கரைந்துவிடவில்லை. 1967-இல் ஆட்சிக்கே வந்தது.

நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் பட்டிமன்றம் வைத்தால் ஒரு விதி உண்டு. எதிரணியின் நல்ல வாதம் ஒன்றைச் சொன்ன பிறகுதான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு அதற்காகவே எதிரணி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். நாளை சாயங்காலம் நீங்களும் அப்படித் தொடங்கிப் பாருங்கள். ரொனால்டோ கட்சிக்காரன் முதலில் எழுந்து, 2012 என்ற ஒரே ஆண்டில் மெஸ்ஸி அடித்த 91 கோல்களைப் பற்றிச் சொல்லட்டும். மெஸ்ஸி கட்சிக்காரன், 2019 டிசம்பரில் சாம்ப்டோரியா அணிக்கு எதிராக ரொனால்டோ அந்தரத்தில் எம்பித் தலையால் முட்டிய கோலைச் சொல்லட்டும். அப்புறம் ஆரம்பியுங்கள் உங்கள் சண்டையை!