கடைக்குப் புறப்படுமுன் ஒரு துவாதசி

ஏகாதசி உபவாசத்தின் பெருமையை நாம் நிறையப் பேசுகிறோம். மறுநாள் பாரணையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. புலனடக்கத்தின் நுட்பம் அங்கேதான் இருப்பதாக அடியேனுக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்தவரிடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் அவர் நாக்கு எதைக் கேட்கும்? ஆகவே பெரியோர் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று முன்பே வகுத்துவிட்டனர். பசி வந்தபின் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

நம் வீட்டு மளிகைக்கும் இம்முறை பொருந்தும்.

சிரேயஸ், பிரேயஸ் என்ற இரண்டும் மனிதனை நாடி வருகின்றன, அறிவுடையவன் ஆராய்ந்து நன்மை தருவதைத் தேர்கிறான் என்று கடோபநிஷத்தில் யமதர்மராஜன் நசிகேதனுக்கு உபதேசிக்கிறான். இன்றைய பெரிய மளிகைக் கடைகளில் இரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஆனால் சமமாக அல்ல. பிஸ்கட்டும் மிக்சரும் பெரும்பாலும் கண்ணுக்கு நேரே நிற்கும். கொள்ளும் கேழ்வரகும் வேண்டுமென்றால் குனிய வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ள நம் போன்றோர் எதை எடுப்போம் என்று சொல்லவும் வேண்டுமோ! பணம் செலுத்தக் காத்திருக்கும் இடத்திலும் மிட்டாய்தான். அங்கே ஒரு நிமிடம் மனத்தைக் கட்டினால் போதும். வாங்கி வந்து டப்பாவில் நிரப்பிவிட்டாலோ, அது தீரும்வரை ஒவ்வொரு மாலையும் அதனோடு போராட வேண்டும்.

பக்தர்களுக்கென்றே சில மயக்கங்கள் உண்டு. உறையில் உள்ள பச்சை வட்டத்தைக் கண்டதும் நிம்மதி அடைகிறோம். அது சைவம் என்று மட்டுமே சொல்லுகிறது. உடலுக்கு நல்லது என்று சொல்லவில்லை. விரதத்துக்கு உகந்தது என்று வாங்கும் ஜவ்வரிசி, மரவள்ளிக் கிழங்கின் மாவு. ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்தே. நேந்திரங்காய் வறுவல் விரதத்துக்கு ஆகும் என்றாலும் எண்ணெயில் பொரிந்ததுதான். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உள்ளவருக்கு 'வெல்லம்தானே' என்ற சமாதானம் உதவாது. அவர்கள் உபவாசம் இருப்பதையும் மருத்துவரிடம் கேட்டே தீர்மானிப்பது நலம்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். சன்னிதியில் கையில் விழும் பிரசாதம் ஒரு பிடி. ஸ்டாலில் விலைக்கு வாங்குவது ஒரு பொட்டலம். முன்னதைக் கண்ணில் ஒற்றி உண்கிறோம். பின்னதை, பேருந்து வருவதற்குள் முடித்துவிடுகிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒவ்வொரு கரண்டி பகிர்ந்தால் அதுவும் பிரசாதமாகிவிடும்.

எனவே வாங்க வேண்டியவற்றின் பட்டியலைப் பகல் உணவு முடிந்து, வயிறு நிறைந்திருக்கும் வேளையில் எழுதுங்கள். வயிறு நிறைந்தவர் எழுதும் பட்டியலில் காராசேவு அநேகமாக இடம்பெறாது. பிரதோஷ நாளில் மாலைவரை உண்ணாதிருந்து, கோயிலிலிருந்து நேரே கடைக்குள் நுழைவதைத் தவிருங்கள்.

புதிய பொட்டலம் எதையேனும் எடுத்தால் திருப்பிப் பாருங்கள். எடையில் எது மிகுதியோ அதையே பொருட்களின் வரிசையில் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. சத்துமாவு என்று பெயரிட்டு, முதலிலோ இரண்டாவதாகவோ சர்க்கரை இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடலாம். ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் சோடியத்தின் அளவைக் காண்க. நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சோடியமாக 2,000 மில்லிகிராம். அவ்வளவும் அந்த நாளின் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

இந்த விவரங்களைச் சிறிய எழுத்தில்தான் அச்சிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பேரன் உடன் வந்தால் அவனை உரக்கப் படிக்கச் சொல்லலாம்.