பேறுகாலப் பணம் முன்பணம் இல்லை

சென்ற இதழில் களம்பூர் அரிசி ஆலை அதிபர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பது உண்ட வீட்டுக்கு இரண்டகமாம். சம்பளம் கொடுத்து வீட்டில் உட்காரவைத்த முதலாளி என்ன முட்டாளா என்று கேட்கிறார். முட்டாள் இல்லை. பல இடங்களில் அந்தச் சம்பளத்தை அவர் கொடுப்பதே இல்லை, அவ்வளவுதான்.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போகும் நம் பக்கத்துப் பெண்கள் பலர் இந்த வரம்புக்குள் வருகிறவர்கள். அவர்களுடைய 26 வாரப் பேறுகாலப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம். அதற்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்தும் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள். தன் காசும் கலந்த பானையிலிருந்து சாப்பிடுகிறவர் யார் வீட்டில் உண்டார்?

வரம்புக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு நிறுவனம்தான் தருகிறது, உண்மை. அதுவும் தர்மம் இல்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருந்தால்தான் பணம் என்கிறது சட்டம். 12 வாரத்தை 26 ஆக்கிய 2017 திருத்தமும் அந்த நிபந்தனையை எடுக்கவில்லை. பார்த்து முடித்த வேலையின்மேல் பிறக்கும் உரிமை அது. இனிமேல் பார்க்கப்போகும் வேலைக்கு அச்சாரம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

கட்டுரையாளர் மனத்தில் ஓடுவது வேறு கணக்கு. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் அந்தக் கணக்கு தெரியாதவர் இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அது தீரும்வரை இன்னொருவருக்கு நெய்ய முடியாது. பக்கத்துத் தெருவில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் தறி இங்கேதான். பேறுகாலப் பணத்தையும் அந்த முன்பணமாக்கப் பார்க்கிறார். பிள்ளை பெற்றவளுக்குக் கடன்சீட்டு நீட்டுவதற்குப் பெயர் பண்பாடாம்!

சட்டம் எதைத் தடுக்கிறது என்றாவது அவர் பார்த்திருக்கலாம். விடுப்பில் இருக்கும்போது இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான பணம் போய்விடும் என்கிறது அது. வேலை செய்தால்தான். விண்ணப்பம் போட்டதற்கும் நேர்காணலுக்குப் போனதற்கும் அங்கே தண்டனை இல்லை. ஆகவே புது வேலை கிடைத்தாலும் விடுப்பு முடிந்தபின் சேர்கிறேன் என்று தேதி கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். இந்த ஒரு தகவலை எழுதியிருந்தால் நாலு பெண்களுக்குப் பயன்பட்டிருக்கும். அவர் ஒழுக்கம் எழுதப் போய்விட்டார்.

அடுத்து, பிள்ளையோடு இருக்கவேண்டிய நேரத்தில் வேலை தேடுவது தாய்மைக்கு அழகா என்கிறார். ஜவ்வாது மலைப் புலியூர் ஸ்ரீபதி பிள்ளை பெற்ற ஓரிரு நாளில், 2023 நவம்பரில், சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதி தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் தேர்ச்சி பெற்ற செய்தி வந்ததும் முதலமைச்சரே வாழ்த்தினார், மாவட்டமே கொண்டாடியது. அப்போது தாய்மையின் அழகு எங்கே போயிருந்தது? நீதிபதி நாற்காலிக்குப் போனால் சாதனை, மாதம் நாலாயிரம் கூடுதலாகத் தரும் கம்பெனிக்கு விண்ணப்பித்தால் துரோகமா? (எல்லாப் பெண்களும் பச்சை உடம்போடு காரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எதிர்பார்ப்பதும் ஒரு கொடுமைதான்.)

ஆண்கள் விஷயத்தில் இந்த நீதி எதுவும் கிடையாது. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி இன்டர்வியூவுக்குப் போகிறவனை நம்மூரில் பிழைக்கத் தெரிந்தவன் என்கிறோம். அவன் எடுத்ததும் சம்பளத்தோடு விடுப்புதான்.

கடைசியில் ஒரு மிரட்டல்: இப்படியே போனால் இனிப் பெண்களை யார் வேலைக்கு எடுப்பார்கள்? இந்த ‘இனி’தான் எனக்குச் சிரிப்பு மூட்டியது. 1989இல் எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூரிடம் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் படிவத்தில் கேட்டிருந்தார்கள். மகப்பேறு விடுப்பு எடுத்தவரை, படிவத்தில் பொய் சொன்னார் என்று மறுவருடம் வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் வேறு வேலை தேடினார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி பணியில் அமர்த்தச் சொன்னது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது. பெண்கள் இரண்டகம் செய்து முதலாளிகளின் நம்பிக்கையைக் கெடுத்த கதை இதில் எங்கே இருக்கிறது?

விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கு உண்மையான கவலைகள் வேறு. புது இடத்தில் தகுதிகாண் பருவம் எத்தனை மாதம், இரவு ஷிப்ட் உண்டா, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் சட்டப்படி இருக்கவேண்டிய குழந்தைகள் காப்பகம் நிஜமாகவே இருக்கிறதா, மாமியாரோ அம்மாவோ எத்தனை நாள் துணைக்கு இருப்பார்கள், அடுத்த பிள்ளை உடனே என்றால் அங்கே 80 நாள் கணக்கு நிரம்புமா. இதையெல்லாம் எடைபோட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றுகூட அவர் முடிவெடுக்கலாம். அப்படி எடுத்தால் அதை முதலாளி விசுவாசம் என்று ஆலை அதிபர் தன் பேரேட்டில் வரவு வைத்துக்கொள்ள வேண்டாம்.