நெற்றியில் ஒரு 'அ'

ஜப்பான் என்றதும் நம்ம ஆட்களுக்கு உடனே அமைதி வந்துவிடுகிறது. பச்சைத் தேநீர், ஹைக்கூ, பாசி படிந்த கல். இப்போது அந்த வரிசையில் கமோ நோ சோமெய்யின் 'ஹோஜோகி'யும் சேர்ந்துவிட்டது. பத்தடிக் குடிசையில் நிறைவாக வாழ்ந்த துறவி என்று சொல்லிச் சொல்லியே அந்த மனுஷனை மினிமலிசத்தின் விளம்பரத் தூதர் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் கடுப்பு.

புத்தகத்தின் முதல் பாதியைப் படித்த யாரும் அதை மன அமைதிக்குச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். 1177இல் தீ. 1180இல் சூறாவளி, அதே வருடம் தலைநகரை ஃபுகுஹராவுக்கு மாற்றிய கூத்து. பிறகு பஞ்சம். 1185இல் நிலநடுக்கம். குடிசை இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

அந்தப் பஞ்சம் உச்சத்தில் இருந்த சகாப்தத்தின் பெயர் யோவா. 1181இல் தொடங்கி 1182இல் முடிந்தது, ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. 'வளர்த்தல்', 'இணக்கம்' என்று இரண்டு எழுத்துகள். இணக்கத்தை வளர்க்கிற காலமாம்! குழந்தைப் பேரரசர் அந்தோகு அரியணை ஏறியதை ஒட்டி வைத்த பெயர். குழந்தை, தாய்ரா கியோமோரியின் மகள் வயிற்றுப் பேரன். பெயர் வைத்தபோது தாத்தா செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

கிழக்கே காமகுராவில் இருந்த மினமோத்தோ யோரிதொமோ இந்தப் பெயரைச் சீந்தவே இல்லை. பழைய ஜிஷோ சகாப்தத்தையே 5, 6, 7 என்று எண்ணிக்கொண்டு போனார். கியோத்தோவில் யோவா 2 என்றால் காமகுராவில் ஜிஷோ 6. 1183இல் அரசவை அவருடைய கிழக்கத்திய அதிகாரத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் தலைநகரின் கணக்குக்கு இறங்கி வந்தார். அப்புறம் கதை தலைகீழ். தாய்ராக்கள் அந்தோகுவைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓட, தலைநகரில் வேறொரு பேரரசர், 1184இல் வேறொரு சகாப்தம். தாய்ராக்களோ தன்-நோ-உராக் கடலில் 1185இல் அழியும்வரை பழைய ஜுஏய்யையே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஜப்பானிய வாடிக்கையாளருக்காகத் தேதி கையாளும் நிரலோடு நானும் மாரடித்திருக்கிறேன். 2019 மே 1 அன்று ரெய்வா பிறந்தபோது, அந்தப் பெயருக்கென்று யூனிகோடில் முன்கூட்டியே ஓர் இடம் காலியாக வைத்திருந்தார்கள் என்று தெரிந்து சிலிர்த்தேன். அசடு. யோரிதொமோவைப் படித்த பிறகுதான் உறைத்தது: பத்திரத்தில் எந்தச் சகாப்தத்தை எழுதுகிறாய் என்பது நீ யாருடைய ஆள் என்கிற கேள்விக்குப் பதில்.

இரண்டு தரப்பும் காலத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தபோது கீழே என்ன நடந்தது? மழை பொய்த்தது. கியோத்தோ தானாக எதையும் விளைவிக்காத நகரம், மாகாணங்களிலிருந்து வரும் அரிசியில் வாழ்ந்தது. போர் அந்த வழிகளையும் அடைத்தது. விறகுக்காகக் கோயில்களில் புத்தர் சிலைகளைத் திருடி உடைத்து விற்றார்கள். வாங்கிய விறகில் சிவப்புச் சாயமும் தங்கத் தகடும் ஒட்டியிருந்தன என்று சோமெய் எழுதுகிறார். கிடைத்த ஒரு வாயை மற்றவருக்குக் கொடுத்ததால், அன்பு அதிகம் உள்ளவரே முதலில் செத்தார் என்றும் எழுதுகிறார். இதைப் படித்துவிட்டு எப்படி அய்யா தேநீர் குடிக்கிறீர்கள்?

நின்னாஜி மடத்தைச் சேர்ந்த ரியூக்யோ என்ற துறவி, தெருவில் கண்ட பிணங்களின் நெற்றியில் எல்லாம் 'அ' என்ற சமஸ்கிருத எழுத்தை எழுதிக்கொண்டே போனார். இரண்டு மாதங்களில், நகரின் கிழக்குப் பாதியில் மட்டும், எண்ணிக்கை 42,300ஐத் தாண்டியது.

முப்பது வருடம் கழித்து, 1212இல் எழுதும்போது, சோமெய்க்கு சகாப்தத்தின் பெயர் சரியாக ஞாபகம் இல்லை. யோவாவாக இருக்குமோ என்று தயங்குகிறார். பிணக் கணக்கில் தயக்கமே இல்லை.

பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது வாசகரின் உரிமைதானே என்பார்கள். சரி, குடிசையையே எடுத்துக்கொள்வோம். கேட்ட கோயில் பதவி கிடைக்காத கசப்பும் அவர் ஊரை விட்டுப் போனதற்கு ஒரு காரணம், அது தனிக் கதை. ஆனால் அந்தக் குடிசையின் மூட்டுகளைக் கொக்கி போட்டுத்தான் இணைத்திருந்தார். இடம் சரிப்படவில்லையா, கழற்றிக்கொண்டு போய்விடலாம். மொத்த வீடும் இரண்டு வண்டிச் சுமைதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அழகுக்காகவா ஒருத்தர் இப்படிக் கணக்குப் போடுவார்?