பார்மேட் அடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவங்களுக்கு சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல ஒரு தொல்லை உண்டு. பந்தியில உக்காந்து முதல் வாய் வைக்கிறதுக்குள்ள யாராவது பக்கத்துல வந்து, "தம்பி, நம்ம கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னு போவுது, என்னன்னு பாரேன்"னு ஆரம்பிப்பாங்க. நாமளும் அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே ஒரு பதிலை ரெடியா வச்சிருப்போம்: "பார்மேட் பண்ணிடுங்க, சரியாயிடும்."

இந்தப் பதிலை இனிமே நம்மாளுங்க யாரும் சொல்லக்கூடாதுங்கறதுக்குத்தான் இந்தப் பதிவு. ஏன்னா நான் சொல்லி, ஒரு மனுஷனோட ஒன்பது வருஷ உழைப்பு போயிடுச்சு.

எங்க சித்தப்பா மயிலாடுதுறை பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் வருமானம் என்னவோ கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதுலதான். கடையில இருக்கறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆடி முடிஞ்சு முகூர்த்தம் ஆரம்பிக்கிற நேரம் பாத்து அது தகராறு பண்ண ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு நாலு தடவை திடீர்னு திரை நீலமாகும், என்னன்னு பாக்கறதுக்குள்ள தானா ரீஸ்டார்ட் ஆயிடும்.

எனக்கு போன் பண்ணார். நான் மீட்டிங்ல இருந்தேன். மியூட் போட்டுட்டு அந்த ரெடிமேட் பதிலை சொன்னேன். கடைத்தெரு மெக்கானிக் பையன் வந்து ஒரு மணி நேரத்துல வேலையை முடிச்சுட்டான். சித்தப்பா தன்னோட டிசைன் எல்லாத்தையும் டெஸ்க்டாப்லயே போட்டு வச்சிருந்தார். டெஸ்க்டாப்ங்கறது சி டிரைவுக்குள்ள இருக்குற விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் கேக்கல.

நாலாம் நாள் மறுபடி நீலத்திரை!

ஆயுதபூஜை லீவுக்கு ஊருக்குப் போனப்பதான் உக்காந்து பாத்தேன். முதல் வேலையா, தானா ரீஸ்டார்ட் ஆகுற செட்டிங்கை எடுத்து விட்டேன். (சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'க்குள்ள ஒரு டிக் இருக்கும்.) அடுத்த தடவை விழுந்தப்ப திரை அப்படியே நின்னுச்சு. டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்னு ஒரு வரி, அதுக்குக் கீழ 'சிஸ்'ல முடியுற ஒரு ஃபைல் பேரு. இது விண்டோஸ் வழக்கமா 0xD1ங்கற நம்பர்ல சொல்ற குத்தம். ஒரு டிரைவர், தொடக்கூடாத நேரத்துல தொடக்கூடாத மெமரியைத் தொட்டுடுச்சுன்னு அர்த்தம்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு சின்ன ஃபைல் அதுல விழும். ப்ளூஸ்க்ரீன்வியூங்கற இலவச டூல்ல அதைத் திறந்தேன். பார்மேட்டுக்கு அப்புறம் விழுந்தது 11 கிராஷ். பதினொண்ணுலயும் அதே ஃபைல். அது யாரோடதுன்னு தேடுனா, பின்னாடி சொருகியிருந்த யூஎஸ்பி வைஃபை குச்சியோடது. கஸ்டமர் வாட்ஸப்புல பெரிய ஃபைல் அனுப்பி, அதை இறக்கும்போதெல்லாம் பொட்டி படுத்திருக்கு. குச்சியைப் புடுங்கிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாத்தோம். ஒண்ணும் ஆகல. மறுபடி சொருகினோம், மதியத்துக்குள்ள விழுந்துச்சு.

சரி, பார்மேட் பண்ணியும் ஏன் போகல? இங்கதான் இருக்கு கூத்து. பார்மேட் பண்ணினா டிரைவர் போயிடும், வாஸ்தவம்தான். ஆனா முடிச்ச கையோட மெக்கானிக் பையன் என்ன பண்ணுவான்? குச்சி கூட வந்த குட்டி சிடியைப் போட்டு அதே டிரைவரைத் திரும்ப ஏத்துவான். நோயாளியைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, அதே கெட்டுப்போன சாப்பாட்டைத் திரும்ப ஊட்டுன கதை. அதோட முன்னாடி விழுந்த டம்ப் ஃபைலும் பார்மேட்டுல போச்சு. அதாவது கொலை நடந்த இடத்தை ஃபினாயில் ஊத்திக் கழுவிட்டு, அப்புறமா போலீஸைக் கூப்பிட்டிருக்கோம்.

டிரைவர் ஏன் இவ்வளவு பெரிய ஆளுன்னு கேப்பீங்க. ஓட்டல் மாதிரி நினைச்சுக்கோங்க. நாம ஓட்டுற வேர்டு, பிரவுசர் எல்லாம் ஹால்ல உக்காந்து சாப்பிடுற கஸ்டமர். ஒருத்தர் சாம்பாரைக் கொட்டுனா அந்த டேபிளைத் துடைச்சா போதும். வைஃபை, கிராபிக்ஸ் மாதிரி பல டிரைவருங்க சமையக்கட்டுக்குள்ள, அதாவது கெர்னலுக்குள்ள, நிக்கிற வெளியாளு. அவன் அடுப்புல ஏடாகூடமா கை வச்சா கடையையே மூடித்தான் ஆகணும். விண்டோஸும் அதைத்தான் பண்ணுது. இதுக்கு மேல ஓட்டுனா ஹார்ட் டிஸ்க்ல இருக்கறதும் கெட்டுப்போகலாம்னு தானே நின்னுக்குது. நீலத்திரைங்கறது சாவு இல்லைங்க, வாக்குமூலம். நாமதான் படிக்கறதில்ல.

இது பில்கேட்ஸுக்கே நடந்திருக்கு. 1998 ஏப்ரல்ல சிகாகோ காம்டெக்ஸ்ல விண்டோஸ் 98-ஐ மேடையில காட்டும்போது, கூட இருந்தவர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். அவ்வளவுதான், அத்தனை பேருக்கு முன்னாடி நீலத்திரை. சொருகுறதெல்லாம் தானா வேலை செய்யும்னு காட்ட வந்த இடத்துல இப்படி ஆச்சு :-)

இப்பத்திய கதைக்கு வருவோம். 2024 ஜூலை 19, க்ரவுட்ஸ்ட்ரைக் விவகாரம். அது வெளியில சொருகுற சாமானோட டிரைவர் இல்ல, செக்யூரிட்டி சாஃப்ட்வேரோடது. ஆனா அதுவும் சமையக்கட்டு ஆளுதான். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் படுத்துச்சு. நம்மூர் ஏர்போர்ட்ல கூட கையால எழுதின போர்டிங் பாஸ் குடுத்தாங்க. அதுக்கு அவங்க சொன்ன வைத்தியம் என்ன? சேஃப் மோட்ல போயி, தப்பான அந்த ஒரு ஃபைலை அழி. எல்லாத்தையும் பார்மேட் அடின்னு சொல்லல.

என் ஆதங்கமே இதுதான். ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தா நாம என்ன பண்றோம்? ராத்திரி ரெண்டு மணிக்கு லாகைப் படிக்கறோம், காரணம் கண்டுபிடிச்சு ரிப்போர்ட் எழுதறோம். "சர்வரை பார்மேட் பண்ணிடலாம் சார்"னு எவனாவது சொன்னா அடுத்த நாள் அவனுக்கு ஐடி கார்டு இருக்காது. ஆனா சித்தப்பா கடை கம்ப்யூட்டருக்கு மட்டும் மீட்டிங் நடுவுல ஒரு வரி பதில். அவருக்கு அதுதானே ப்ரொடக்‌ஷன் சர்வர்? எவனோ முகம் தெரியாத க்ளையண்டுக்கு குடுக்குற மரியாதையில கால்வாசி கூட நம்ம மனுஷங்களுக்கு நாம குடுக்கலைங்கறது எனக்கே உறைக்க ஒன்பது வருஷ டிசைன் போக வேண்டியிருந்தது.

அதனால அடுத்த தடவை பந்தியில யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க:

1. முதல்ல முக்கியமானதை எல்லாம் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுங்க.

2. புதுசா என்ன சொருகினீங்க, எந்த வேலை பண்ணும்போது விழுதுன்னு கேளுங்க.

3. சந்தேகப்படுற சாமானைக் கழட்டிட்டு ஒரு நாள் ஓட்டுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

4. மினிடம்ப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே டிரைவர் பேரு வந்தா அது மேல சந்தேகம். தடவைக்கு ஒரு பேரு, தடவைக்கு ஒரு கோடுன்னு வந்தா ரேமையும் சோதிங்க. விண்டோஸோட சொந்த கெர்னல் ஃபைல் பேரு வந்தா உடனே அதைத் திட்டாதீங்க. பல சமயம் அது அடி வாங்குனவன்தான், அடிச்சவன் வேற.

5. டிரைவரைத் தூக்கும்போது, டிவைஸ் மேனேஜர்ல டிரைவர் சாஃப்ட்வேரையும் சேத்து அழிக்கிற டிக்கைப் போடுங்க. இல்லைன்னா திரும்ப சொருகினதும் பழையதே வந்து உக்காந்துக்கும்.

சித்தப்பாவுக்கு அப்படித்தான் பண்ணேன். விண்டோஸ் அப்டேட் தானா ஒரு டிரைவரைப் போட்டுச்சு. அன்னையிலிருந்து பொட்டி ஒரு தடவை கூட விழல.

போன டிசைன்ல பாதி கிடைச்சிருக்கு, என் புண்ணியத்துல இல்ல. சித்தப்பா பழைய பில் புக்கை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு கஸ்டமரா போன் போட்டு, "நம்ம பாப்பா கல்யாணப் பத்திரிகை உங்க போன்ல இருக்கா, அனுப்புங்களேன்"னு கேட்டு வாங்கிட்டு இருக்கார். என்னை ஒரு வார்த்தை திட்டல. "பரவால்லடா தம்பி, உனக்கு ஆயிரம் வேலை"ன்னு மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.