எங்க டம்ளருக்கு எங்கே இடம்?

எங்கள் ஊருக்கு ஒரு அருங்காட்சியகம் வருகிறது. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் 40 வருஷமாக ஆசை ஆசையாகச் சேர்த்த குத்துவிளக்கு, வெற்றிலைப் பெட்டி, ஊஞ்சல் பலகை, பல்லக்கு எல்லாம் அவர் வீட்டிலேயே காட்சிக்கு வரப்போகிறது. 'நம் ஊர்ப் பண்பாடு' என்று பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. சரி, பல்லக்கு இருக்கிறது. தூக்கினவன் எங்கே?

நானும் சேர்க்கிறவன்தான். ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். தோல் கிழிந்த பறை, கூலி நெல் அளந்த மரக்கால், கைவிட்டுப்போன பஞ்சமி நிலத்தின் பட்டா, டீக்கடையில் எங்களுக்கென்று ஒதுக்கின தனி டம்ளர் இரண்டு. கேள்விப்பட்டு விழாக் குழுவினர் வந்தார்கள். "பறையை மட்டும் குடுங்க, மூலையில அழகா இருக்கும். டம்ளரு வேணாம். பழசை எதுக்குக் கிளறணும்?" என்றார்கள்.

பழசைக் காட்டத்தானே ஐயா அருங்காட்சியகம்! உங்க தாத்தா வெற்றிலைப் பெட்டி பழசானா பெருமை, எங்க தாத்தா குடிச்ச டம்ளர் பழசானா கிளறலா?

உண்மையில் இது பழசும் இல்லை. டீக்கடையில் பாத்திரம் பிரித்து வைப்பது குற்றமென்று 1955லேயே சட்டம் வந்துவிட்டது. என் பெட்டியில் இருப்பது 1991 வரை ஆணியில் தொங்கின டம்ளர். பழம்பொருள் இல்லை இது, தடயம். பட்டாவும் அப்படித்தான். 1892ல் வெள்ளைக்காரன் ஒதுக்கின நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994ல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2023ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் எங்கள் மக்கள் கோயிலுக்குள் போகக்கூடாதென்று தகராறு செய்து, கடைசியில் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனது. எது பழசு?

பறையைக் கொடுத்தால் அட்டையில் என்ன எழுதுவார்கள்? 'தொன்மையான தோற்கருவி.' சாவுக்கு அடிக்க மாட்டேன் என்றவன் முதுகில் விழுந்த அடியை எழுதுவார்களா? பொருளை விடப் பெரிசு அந்த அட்டை. அதை எழுதுகிற பேனா நம் கையில் இருக்க வேண்டும்.

அம்பேத்கரின் கோட்டும் தட்டச்சுப் பொறியும் நாகபுரி அருகே சிச்சோலியில் பிழைத்து நிற்பது, வாமன்ராவ் கோட்போலே என்ற தொண்டர் அவற்றை வாங்கிப் பாதுகாத்ததால்தான். நமக்கும் மாளிகை வேண்டாம். சேரி இரவுப் பாடசாலையின் பின்னறை போதும். என் பெட்டியை அங்கே திறந்து வைக்கிறேன்.

தோழர்களே, பரணில் கிடப்பதை எடைக்குப் போடாதீர்கள். யாருடையது, எந்தக் கடை, எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கிழவிகள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். சாட்சி சொல்ல அவர்கள் இருக்கும்போதே செய்தாக வேண்டிய வேலை இது.