பிள்ளைகளுக்கு மட்டுமா படிப்பு?

சனிக்கிழமைகளில் எமது தமிழ்ப் பாடசாலைகளின் வாசலில் ஒரு காட்சியைக் காணலாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றோர் வாகனத் தரிப்பிடத்தில் காத்து நிற்பர். இரண்டு மணித்தியாலம், சில இடங்களில் மூன்று. பனி கொட்டினால் காருக்குள், வெயில் எறித்தால் மதிலோரம். ஊர்க் காணியின் விலை, யாருடைய பிள்ளை மருத்துவத்துக்கு எடுபட்டது என்ற விபரம் எல்லாம் அங்கே பேசப்படும். பின்னர் அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கணித வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ ஓடுவர். கல்விக்காக இப்படி உழைக்கும் சமூகம் வேறெங்கு உண்டு என்று நாம் பெருமைப்படுவதும் வழக்கம். ஆனால் அத்தரிப்பிடத்தில் நிற்கும் எம்மில் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் எதையாவது புதிதாகக் கற்றோம் என்று கேட்டால், அதற்கான பதில் அவ்வளவு பெருமைக்குரியதாக இராது.

இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது அநீதி. கல்வி என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துவந்த பொருளிலேயே கோளாறு இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் அது அரசாங்க உத்தியோகத்துக்கான வாசலாக இருந்தது. எழுபதுகளில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டு, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி பெறவேண்டும் என்றானபோது ஒவ்வொரு புள்ளியும் வாழ்வா சாவா என்ற பிரச்சினையாயிற்று. இளைஞர் பலரது உள்ளத்தில் கனன்ற நெருப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பது வரலாறு. அவ்வாறு வளர்ந்த சமூகத்துக்குப் பரீட்சை முடிந்ததும் படிப்பும் முடிந்தது. சித்தியடைந்தவன் வேலை கிடைத்ததென்று புத்தகத்தை மூடினான். தவறியவன் தனக்குப் படிப்பு ஏறாது என்று மூடினான்.

ஆயினும் எமது ஊர்களில் இன்னொரு கல்வியும் இருந்தது. அது வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் நடந்தது. தோட்டத்தால் வந்தவர் தோளிற் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்து பத்திரிகையை விரிப்பார். வாசிக்கத் தெரியாதவருக்காக இன்னொருவர் உரத்து வாசிப்பார். தலையங்கத்தை முன்வைத்து இருட்டும்வரை தர்க்கம் நடக்கும். எவரும் எவருக்கும் புள்ளி போட்டதில்லை. 1981 மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் சாம்பலானபோது, பாடசாலைப் பக்கம் ஒதுங்காதவர்களும் அழுதார்கள் என்றால் அதன் காரணம் இதுவே.

தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையை இங்கு நினைவுகூரலாம். 1913 இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த அவர், ரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். தமிழை முறையாகக் கற்பதற்காக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராகச் சேர்ந்தபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. தம் தாய்மொழியைத் தாம் அறியவில்லை என்று ஒப்புக்கொள்ள, அத்தனை படித்த ஒருவருக்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும்! 1952 இல் அவர் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழும், 1966 இல் கோலாலம்பூரில் கூடிய முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும், முப்பது வயதுக்குப் பின் கற்கத் தொடங்கிய அந்த மாணவரிடமிருந்தே பிறந்தன.

இவை பெரியோர் கதைகள், அன்றாடம் வேலைக்கு ஓடும் எமக்கு இவற்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறிய சம்பவத்தைச் சொல்கிறோம். சில காலத்துக்கு முன், ஜேர்மனியில் எமக்குத் தெரிந்த ஒரு தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். மொழிபெயர்க்கவும் ஆயத்தமாகவே சென்றோம். “எங்கட பிள்ளை நல்லா டொச் கதைப்பாள், நீங்கள் கஷ்டப்படவேண்டாம்” என்று அவர் பெருமையோடு சொன்னதால் பேசாமல் இருந்துவிட்டோம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. வைத்தியர் நிதானமாகப் பேசினார். கட்டியொன்று தெரிகிறது, காலம் தாழ்த்தாது மேலும் பரிசோதிக்க வேண்டும் என்றார். அச்சிறுமி தாயின் பக்கம் திரும்பி, “ஒண்டுமில்லையாம் அம்மா, இன்னொருக்கா வரட்டாம்” என்றாள். பின்னர் நடைபாதையில் வைத்து அவளிடம் கேட்டோம். “அம்மா பயப்படுவா” என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

அன்று அந்தப் பிள்ளை சுமந்தது எவருடைய சுமை? அகதி வழக்கு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், வரிப் பத்திரம், வீட்டுச் சொந்தக்காரனின் அறிவித்தல், ஏன், தன் ஆசிரியை தன்னைப் பற்றிச் சொல்லும் முறைப்பாடுகூட (அது எவ்வளவு உண்மையாக மொழிபெயர்க்கப்படும் என்பது வேறு விடயம்), எல்லாவற்றையும் பிள்ளையின் வாயால் அறியும் வீட்டில் பெரியவர் யார், சிறியவர் யார் என்ற ஒழுங்கே குலைந்துவிடுகிறது. பிள்ளைகள் சொற்கேட்பதில்லை என்று முறையிடும் பெற்றோர் இதனையும் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

நேரமில்லை என்ற பதிலில் உண்மை இல்லாமலில்லை. அதிகாலையில் துப்புரவு வேலை, மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை என்று இரு வேலை செய்பவரிடம் இலக்கணப் புத்தகத்தை நீட்டுவது கொடுமை. சட்டமும் எமக்குக் கைகொடுக்கவில்லை. ஜேர்மனியில் 600 மணித்தியால மொழிக் கல்வியைக் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்புகள் சட்டபூர்வமாக ஆரம்பிக்கப்பட்டது 2005 இலேதான். எண்பதுகளில் வந்து முகாம்களில் முடிவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்களுக்கு அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. அவர்கள் தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே, மேற்பார்வையாளரின் ஏச்சிலிருந்து மொழி கற்றார்கள். அதுவும் கல்வியே. அதனைக் குறைத்து மதிப்பிட எமக்கு உரிமையில்லை.

நேரத்தைவிடப் பெரிய தடை வெட்கம் என்பதே எமது எண்ணம். இதனை அனுபவித்தே எழுதுகிறோம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய நாம், மொழி வகுப்பின் சிறு கதிரையில், எமது மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயதுடைய ஆசிரியையின் முன் அமர்ந்தோம். ஜேர்மன் மொழியில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமியோ இரண்டுமல்லாத மூன்றாம் பால். தொல்காப்பியர் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ! முதல் வாரம் நாம் வாய் திறக்கவேயில்லை. பிழை விட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். பக்கத்திலிருந்த சோமாலியப் பெண் நாலு வார்த்தைக்கு மூன்று பிழை விட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினார். மூன்றாம் மாதத்தில் அவர் தனியாகக் கடிதம் எழுதினார். நாம் அப்போதும் வேற்றுமை உருபுகளை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்நாடுகளில் வளர்ந்தோர் கல்வி ஒரு தானமாகத் தோன்றியதன்று. அது நூற்றாண்டு கடந்த மரபு. டென்மார்க்கில் குருண்ட்விக் என்ற மதகுருவும் கவிஞருமானவரின் சிந்தனையைத் தழுவி முதலாவது மக்கள் உயர்பள்ளி 1844 இல் றோடிங் என்ற ஊரில் தோன்றியது. பரீட்சை நடத்துவதில்லை என்பது அத்தகைய பள்ளிகளின் கொள்கை. புள்ளிகளுக்காகவே படித்துப் பழகிய எமக்கு இது விளங்கச் சற்றுக் காலமெடுக்கும். ஜேர்மனியில் மக்கள் உயர்பள்ளிகளை வளர்ப்பது அரசின் கடமை என்று 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியல் யாப்பே கூறியது. இன்றும் நகரந்தோறும் அவற்றில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971 இல் தன் முதல் மாணவரைச் சேர்த்தபோது எந்த முன்தகைமையும் கேட்கவில்லை. உயர்தரத்தில் ஒரு பாடம் தவறியதை முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி மறுகும் எமது நண்பர்களுக்கு இதனைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம்.

1983 க்குப் பின் இளைஞராக வந்தவர்களிற் பலர் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டார்கள். நாற்பது வருடம் வேலை, வீடு, பிள்ளைகள். இப்போது பிள்ளைகள் வேறு நகரங்களில். முழங்கால் நோகிறது, பகல் நீளமாகிறது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றே துணை. இத்தகையோர் சிலரை ஒரு நகரத்திற் சந்தித்தோம். அவர்களில் முன்னாள் கணித ஆசிரியர் இருந்தார், தபாலதிபர் இருந்தார், மகப்பேற்றுத் தாதியும் இருந்தார். ஒருவருக்கு மற்றவரது அறிவு பயன்படவேயில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. பிள்ளைகள் உள்ளே படிக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் பெற்றோருக்கும் ஓர் அறை. ஒரு வாரம் வைத்தியரிடம் பேசும் மொழி, மறுவாரம் வரிப் பத்திரம், இன்னொரு வாரம் ஒருவர் வாசித்த நூல். கற்பிக்க எம்மவரே போதும். தெரிந்த ஒரு பாடசாலையின் நிர்வாகியிடம் இது பற்றிக் கேட்டோம். மாடியில் கோடியிலுள்ள வகுப்பறை சனிக்கிழமைகளில் வெறுமையாகத்தான் கிடக்கிறதாம். இதுவரை எவரும் அதன் திறப்பைக் கேட்டதில்லையாம்.