திதியும் கத்திச்சண்டையும்

பெரியவர்கள் போய்ச் சேர்ந்தபிறகு அவர்களை நினைக்கிறதுக்கு, போட்டோவுக்கு மாலை போட்டால் மட்டும் போதாது, அவர்கள் ரசித்த படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்க்கணும் என்பது என் கட்சி. ராஜா ராணி படம் என்றால் ரொம்ப விசேஷம். சிரிக்காதீங்க :)

எங்கள் பெரியப்பா திதி பங்குனியில் வரும். பேங்கில் அப்போதுதான் இயர் எண்டிங். நாக்பூரிலிருந்து மன்னார்குடிக்கு லீவு கேட்டால் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது, நான்தான் செய்யணும். காலையில் இங்கேயே செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, சாயங்காலம் குடும்பத்தோடு 'நாடோடி மன்னன்' பார்த்தோம். விஷயம் தெரிந்து அத்தை போன் பண்ணினார். "ஏம்ப்பா, திதி அன்னிக்கு வீட்டுல சினிமாவா?"

அத்தை மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் ஒத்துக்கமாட்டேன். என் பிள்ளைகளுக்குப் பெரியப்பா என்றால் ஒரு போட்டோ. கண்ணாடி, வேட்டி, முறைப்பு. நெல் மண்டியில் கணக்கு எழுதின, யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அந்த மனுஷன், கருப்பு வெள்ளையில் ஓடும் படம் பின்பாதியில் கலருக்கு மாறினதும் நிமிர்ந்து உட்காருவாரே, அது போட்டோவில் எங்கே இருக்கு?

1958 என்ன வருஷம் பாருங்க! எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடம் போட்ட 'நாடோடி மன்னன்'. சிவாஜி இரட்டை வேடத்தில் 'உத்தமபுத்திரன்'. ஜெமினி வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. (இது 'ராஜ் திலக்' என்று இந்தியிலும் வந்தது. எங்கள் பக்கத்து ஃபிளாட் மராட்டித் தாத்தாவிடம் பேர் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.)

அட்டைக்கத்தி என்று கிண்டல் பண்ணுகிறவர்கள் 'சந்திரலேகா'வின் கடைசிச் சண்டையைப் பார்க்கட்டும். 1948-லேயே ரஞ்சனும் எம்.கே.ராதாவும் என்னமா வாள் வீசியிருக்கிறார்கள்!

ஆனால் எங்கள் வீட்டில் விஷயம் கத்தி இல்லை, காதல். கோடை லீவில் வாடகை டெக் எடுத்து 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போடுவோம். பத்மினி, வைஜயந்திமாலா போட்டி நடனம் வந்ததும் பெரியம்மா பத்மினி கட்சி, பெரியப்பா வைஜயந்தி கட்சி. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். புருஷன் பேரைக்கூட வாயால் சொல்லாதவர்! அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கும் என்பது அந்தச் சண்டையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதை எந்தத் திதியில் சொல்வது?

ஒரு கண்டிஷன். யூட்யூபில் சண்டையை மட்டும் வெட்டிப் பார்ப்பது, பாட்டைத் தாண்டிவிடுவது கணக்கில் சேராது. வட்டியை மட்டும் கட்டி அசலை அப்படியே விட்டமாதிரி. மூணு மணிநேரம் உட்காரணும். நடுவில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் கட்சி என்று இப்போதே ஊருக்குப் போன் போட்டு விசாரித்து வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை 'வஞ்சிக்கோட்டை'யும் போட்டேன். பையன் தூங்கிவிட்டான். பெண் வைஜயந்தி கட்சி. அத்தையிடம் போனில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணனும் அப்படித்தான் சொல்லும்" என்றார்.